சுருண்ட நுனி

மொட்டை மாடித் தொட்டியின் இரும்புக் குழாயில்
அறுபது பவுண்டு தங்கூசியைக் கட்டி
கீழே இருபது லிட்டர் கேனைத் தொங்கவிட்டேன்.
தாங்கியது.
இன்னொரு கேனில் பாதி நிரப்பிச் சேர்த்தேன்.
முடிச்சில் அறுந்தது.
எப்போதும் முடிச்சில்தான்.

"என்னம்மா பெனிட்டா,
தண்ணியத் தூக்குல போடுற?"
பக்கத்து மாடியில் பிரேமலீலா அக்கா,
பல்லிடுக்கில் கிளிப்பு.

கடல் இங்கிருந்து நூற்று முப்பது கிலோமீட்டர்.
பாலாற்றில் மணல் மட்டும் ஓடுகிறது, லாரியில்.
ஆனால் சத்துவாச்சாரியில் பாறைக்கா பஞ்சம்?
வீட்டுக்குப் பின்னால் மலையேறி
சித்திரை வெயிலில் சுடுகிற ஒரு விளிம்பில்
ஒரு கிலோ படிக்கல்லைக் கட்டி
நரம்பை மேலும் கீழும் இழுத்துப் பார்த்தேன்.
நாற்பது, பதினோராம் இழுப்பில் செத்தது.
அறுபது, இருபத்தாறு.
எண்பதை எண்ணிக்கொண்டிருந்தபோது
ஆடு மேய்க்கிற பையன் வந்து
எதைப் பிடிக்க என்றான்.
பாறை, என்றேன்.
காலடியைப் பார்த்தான்.
மீனுக்கும் அதுதான் பேர் என்று சொல்வதற்குள்
எண்ணிக்கை தவறிவிட்டது.

வஞ்சிரத்துக்கென்றால் கம்பிதான்,
அதன் வாய் ஒரு கத்தரி.
பாறைக்குப் பல் பெரிதில்லை.
தூண்டில் பட்டதும் தலையைத் தாழ்த்தி
கற்களின் சந்துக்குள் ஓடும்.
அறுக்கும் வேலையைக் கல்லிடம் விட்டுவிடும்.

அப்படியானால் எண்பதே போடலாம்.
எண்பது முரட்டுப் பிள்ளை,
முடிச்சுக்குள் படுக்காது.
வளையம் வளையமாய்த் தட்டிக்கொண்டு போய்
பத்தடி முன்னாலேயே விழும்.
தெளிந்த தண்ணீரில் மீன் அதைப் பார்த்துவிட்டு
வேறு வேலைக்குப் போய்விடும்.

ஆபரேஷன் தியேட்டரில்
டாக்டர் கேட்கும் முன்னே நூலை நீட்டுகிறவள் நான்.
அங்கே பூஜ்யம் கூடக்கூட நூல் மெலியும்.
தோலுக்கு ஒன்று, குடலுக்கு ஒன்று,
கண்ணுக்கு, தலைமுடியைவிட மெலிந்தது.
சதையைவிட நூல் பலமாயிருந்தால்
சதை கிழியும்.
இதெல்லாம் எனக்குத் தெரியும்.
வழுக்கும் நூலுக்கு முதல் சுற்றில் இன்னொரு திருப்பு,
அந்த முடிச்சுக்கே சர்ஜன் பேர்தான்.
நனைத்துத்தான் இறுக்க வேண்டும் என்பதும் தெரியும்.

மூன்று வாரத்துக்கு முன்
அலைத்தடுப்புக் கற்களின் மேல்
முனவ்வரின் கம்பு வில்லாய் வளைந்தது.
மேல்விஷாரத்தில் ஷூவுக்குத் தோல் வெட்டுகிறவன்,
இரண்டு வருஷத்தில் அவனுக்கு மாட்டிய முதல் மீன்.
ஒரு நிமிஷம், இல்லை, அதற்கும் குறைவு.
பிறகு கம்பு நிமிர்ந்துகொண்டது.
"கல்லு அறுத்துடுச்சு," என்றான்.
கல்லை ஒரு உதை உதைத்து
விரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.
நான் நரம்பைச் சுற்றி
பெட்டியின் மூலை அறையில் போட்டேன்.

இன்று எண்பதா அறுபதா என்று தேடும்போது
அது கையில் வந்தது.
டியூப் லைட்டுக்குக் கீழே பிடித்தேன்.
கல் அறுத்த நரம்பு சொரசொரக்கும்,
வெளுத்து, செதில் எழும்பியிருக்கும்.
இது வழவழப்பு.
நுனி மட்டும் பன்றிவாலாய்ச் சுருண்டிருந்தது.
அறுபடவில்லை. அவிழ்ந்திருக்கிறது.

அந்த முடிச்சு நான் போட்டது.
இருட்டில், அவசரத்தில்.
வாயில் மசால் வடை இருந்ததால்
எச்சில் வைக்காமல் உலர இழுத்தேன்.

பஞ்சு ஒன்று கணக்கில் குறைந்தால்
வயிற்றை மூடவிடாமல் கத்துகிறவள்.
பெரிய டாக்டரே முறைத்தாலும்
எண்ணுங்கள் என்று நிற்கிறவள்.

சனிக்கிழமை இரவு, பஸ் ஸ்டாண்டில்
முனவ்வர் புதுச் சுருள் ஒன்றை நீட்டினான்.
நூறு பவுண்டு.
"இனிமே எந்தக் கல்லு அறுக்குதுன்னு பாப்போம்."
விலைச்சீட்டு இன்னும் ஒட்டியிருந்தது.
அவனுக்கு ஒரு நாள் கூலிக்கு மேல்.

நூறு வேணாம் முனவ்வர், என்றேன்.
அறுபதே போதும்.
"ஏன்?"
கண்டக்டர் படியில் தட்டிக்கொண்டிருந்தான்.
ஜன்னல் சீட்டை அவனுக்கு விட்டேன்.
வாலாஜா தாண்டும்வரை
பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன்.
பிறகு அந்தச் சுருண்ட நுனியை எடுத்து
அவன் உள்ளங்கையில் வைத்தேன்.
தோல் வெட்டுகிற விரல்.
தடவிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.